சிக்குக் கோலத்தை வெட்டி ஒரு ஸ்கிராப்புக் பக்கம்

போட்டோவை ஒட்டி, அலங்கரித்து, பக்கத்திலேயே விஷயத்தையும் எழுதி வைக்கிற ஆல்பம்தான் ஸ்கிராப்புக். அதில் காசு கரைவது டிசைன் பேப்பரில்தான். 12 இஞ்சுக்கு 12 இஞ்ச் இறக்குமதித் தாளை முழுசாகப் பக்கத்தில் ஒட்டி, அதன்மேல் போட்டோவையும் மற்றதையும் வைத்தால், விலை கொடுத்த டிசைனில் பாதி அடியில் போய் மறைந்துவிடும். நான் கட் ஃபைல் பக்கம் வந்ததற்கு முதல் காரணம் அந்த வயிற்றெரிச்சல்தான். வெள்ளை அட்டையில் ஒரு வடிவத்தை வெட்டி, அதில் விழும் ஓட்டைகளுக்குப் பின்னால் மட்டும் டிசைன் பேப்பரை ஒட்டினால் போதும். இரண்டு விரல் அகலத் துண்டுக்குக்கூட வேலை இருக்கும்.

கட் ஃபைல் என்பது வெட்டும் மெஷினுக்குப் புரிகிற கோட்டுப் படம். பெரும்பாலும் எஸ்விஜி (SVG) என்ற ஃபைல் வகையில் இருக்கும். க்ரிகட், சில்லூவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்-என்-கட் என்று வீட்டில் வைத்துக்கொள்ளும் மெஷின்கள் இதற்கென்றே இருக்கின்றன. மெஷின் இல்லாவிட்டாலும் கவலையில்லை, கத்தியால் வெட்டும் வழியையும் சொல்கிறேன். கடையில் விற்கும் ஃபைல்களில் கேமரா, பலூன், இதயம், இங்கிலீஷ் வாசகம் இவைதான் அதிகம். எனக்கு அவற்றைவிடப் பொருத்தமாகப் படுவது நம் சிக்குக் கோலம். கோடு எங்கேயும் அறுந்து நிற்காது, சுற்றிச் சுற்றி வந்து தன்னைத்தானே கடக்கும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு மூடிய கண் விழும். வெட்டிய அட்டை கையில் ஒரே துண்டாக நிற்க இதற்குமேல் என்ன வேண்டும்?

படிக்கோலம் இதற்கு ஒத்துவராது. அதில் இணைகோடுகள் ஒன்றையொன்று தொடாமல் போவதால், வெட்டியதும் உள்கோடு தனியாகக் கழன்று வந்துவிடும். நடுநடுவே பாலம் வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் பாலம் வைத்த படிக்கோலம் பார்க்க நன்றாக இருக்காது.

முதலில் போட்டோ

எந்தப் பக்கத்தையும் போட்டோவிலிருந்து தொடங்குங்கள். பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற படம் தேடினால் வேலை நகராது. இங்கே நான் எடுத்துக்கொள்வது, பெரியம்மா மார்கழி விடியலில் வாசலில் கோலம் போடும் படம். அக்கா மகன் மொட்டை மாடியிலிருந்து போனில் எடுத்தது. அரக்குச் சேலை, இடுப்பில் செருகிய முந்தானை, முழங்காலில் ஊன்றிய இடது கை, தெளித்த தண்ணீர் காயாத நீலச் சாம்பல் தரை. என் நிறங்கள் இதிலிருந்தே வந்துவிட்டன: பின்னணிக்குக் கருநீலச் சாம்பல் அட்டை, கோலத்துக்கு வெள்ளை, கண்களுக்கு அரக்கு, காவி, கொஞ்சம் மஞ்சள். இதற்குமேல் ஒரு நிறம் சேர்க்க ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோவில் 4×6 பிரிண்டுதான் மலிவு. ஆனால் இந்த மாதிரிப் பக்கத்துக்கு 3×4 அளவே அழகு. 1800×1200 பிக்சலில் ஒரு வெற்றுப் படம் உருவாக்கி, 900×1200 அளவில் இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஃபைலாகக் கொடுங்கள். ஒரு பிரிண்டு காசில் இரண்டு படம் கிடைக்கும். விடியல் படங்கள் திரையில் தெரிவதைவிட தாளில் ஒரு படி இருட்டாகவே வரும். கொடுப்பதற்கு முன் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

கோலத்தை ஃபைலாக்குவது

1, 3, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வையுங்கள். மொத்தம் 13 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மில்லிமீட்டர். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் கோடு குறுக்கே கடக்கிற எளிய வகையையே போடுங்கள். முழுக் கோலமும் ஏழரை இஞ்ச் அகலம் வரும். ஏ4 தாளிலேயே அடங்கிவிடும் என்பதால் 12 இஞ்ச் அட்டை கிடைக்காதவர்களும் இதைச் செய்யலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். புள்ளியைச் சுற்றிய கண்கள் 13. நாலு புள்ளிகளுக்கு நடுவே விழும் கண்கள் 4. கோடு தன்னைக் கடக்கும் இடங்கள் 16. இந்த மூன்று எண்களும் பின்னால் வேலைக்கு வரும்.

கம்ப்யூட்டரில் வளைப்பதைவிடக் கையால் வளைப்பதே எனக்கு எளிது. பென்சிலில் போட்டு, தடித்த மார்க்கரால் 5 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோட்டை ஏற்றிவிட்டு ஸ்கேன் செய்வேன். போனில் எடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்து கோலம் கோணலாகும், அதனால் ஸ்கேனர்தான் நல்லது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்து ‘ட்ரேஸ் பிட்மேப்’ கொடுத்தால் கோட்டுப் படமாகிவிடும். ஒருமுறை ‘சிம்ப்ளிஃபை’ கொடுத்தால் மார்க்கரின் நடுக்கமும் போய்விடும். நேராகக் கம்ப்யூட்டரிலேயே வரைகிறவர்கள் கோட்டின் தடிமனை 5 மில்லிமீட்டர் வைத்து, ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கொடுத்து, பிறகு கட்டாயம் ‘யூனியன்’ கொடுக்க வேண்டும். யூனியன் கொடுக்காவிட்டால் மெஷின் ஒவ்வொரு கடப்பிலும் இரண்டு கோடுகளின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டும், கோலம் துண்டு துண்டாக விழும்.

புள்ளிகளை ஃபைலிலிருந்து அழித்துவிடுங்கள். கண்ணுக்கு நடுவே எதையும் தொடாமல் நிற்கும் புள்ளி எப்படியும் கழன்றுதான் விழும். அவற்றுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது.

வெட்டுவது

அட்டை 200 முதல் 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) இருக்கட்டும். அதைவிட மெல்லியதில் 5 மில்லிமீட்டர் கோடு துவளும். தடித்ததைக் கத்தியால் வெட்டினால் மறுநாள் விரல் வலிக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு இடையே பேப்பர் கடைகளும் வரிசையாக இருக்கும், ஜிஎஸ்எம் சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள். வெள்ளையிலேயே பால் வெள்ளை, மஞ்சள் வெள்ளை என்று வித்தியாசம் உண்டு. வாசலில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், டியூப்லைட்டில் எல்லாம் ஒன்றுபோல் தெரியும்.

மெஷினில் ஃபைலை ஏற்றியதும் முதல் வேலை, அகலம் ஏழரை இஞ்ச்தானா என்று பார்ப்பது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவு மாறிவிடுவது வழக்கம். மீடியம் கார்டுஸ்டாக் செட்டிங் போதும். ஓரத்தில் சின்னச் சதுரம் ஒன்றை முன்னோட்டமாக வெட்டிப் பார்த்துவிட்டு முழுக் கோலத்தையும் ஓட்டுங்கள். எடுக்கும்போது பேப்பரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அட்டையை ஒட்டி மெஷினுக்குள் விடுகிற மேட் (பாய்) இருக்கிறதே, அதைக் குப்புறக் கவிழ்த்து, மேட்டை வளைத்துப் பேப்பரிலிருந்து உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டை சுருண்டுகொள்ளும், பிறகு எதை வைத்து அழுத்தினாலும் முழுசாக நிமிராது.

கத்திக்காரர்கள் அட்டையின் பின்பக்கம் அச்சிட்டு அந்தப் பக்கமாகவே வெட்டுங்கள். முன்பக்கம் கோடில்லாமல் சுத்தமாக இருக்கும். பிரிண்டர் அட்டையை இழுக்காவிட்டால் சாதாரணத் தாளில் அச்சிட்டு, அட்டைமேல் பேப்பர் டேப்பால் மூலைகளை ஒட்டி, இரண்டையும் சேர்த்து வெட்டலாம். கோலம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். எழுத்துகளை வெட்டும்போது மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட வேண்டும். பேனா போன்ற கத்தியில் 11ஆம் நம்பர் பிளேடு, அடியில் வெட்டு மேட். நடுக் கண்ணில் தொடங்கி வெளியே வாருங்கள், வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்டுங்கள். ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் அட்டை ஆடும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் பேப்பரைத் திருப்புங்கள். முனை மழுங்கினால் பஞ்சு பஞ்சாக ஓரம் கிளம்பும், உடனே பிளேடை மாற்றிவிடுங்கள். பிளேடில் சிக்கனம் பார்த்தால் அட்டை போகும்.

கண்களுக்குப் பின்னால்

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து செய்யலாம்.

கண்கள் ஒவ்வொன்றும் ஒன்றேகால் இஞ்ச் அளவில்தான் இருக்கும். அதனால் பெரிய ரோஜா, பெரிய மாங்காய் டிசைனெல்லாம் இங்கே பிரயோஜனமில்லை. ரோஜாவின் ஒரு இதழ் ஓரம் மட்டும் தெரிந்தால் அது ரோஜாவா, கறையா என்று யாருக்கும் விளங்காது. பொடி டிசைன்தான் வேண்டும்: பொடிக் கட்டம், மெல்லிய கோடு, பொட்டு, சின்னப் பூ. கடையில் 6×6 அளவில் புத்தகம்போல் கட்டி விற்கிற பேப்பர் பேடில் டிசைன்கள் பொடியாகவே அச்சாகியிருக்கும். ஒரு தாளில் ஒன்றரை இஞ்ச் சதுரம் 16 கிடைக்கும். கணக்குப் பார்த்தால் மொத்தக் கோலத்துக்கும் ஒரு தாளே தாராளம். ஆனால் மூன்று தாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால்தான் பக்கம் சோபிக்கும்.

காசு கொடுத்து வாங்காத பேப்பரும் நிறைய உண்டு. கல்யாணப் பத்திரிகைகளின் உள்தாளும் உறையும் நல்ல சரக்கு, அரக்கிலும் தங்கத்திலும் வேறெங்கே அவ்வளவு டிசைன் கிடைக்கும்? பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கைத்தாளில் மார்பிள் வகை இருக்கிறது. நார் நாராக இருப்பதால் மெஷினில் நுணுக்கமாக வெட்ட வராது, கண்ணுக்குப் பின்னால் ஒட்டப் பிரமாதம். கிஃப்ட் சுற்றும் தாள் மட்டும் வேண்டாம். மெல்லிசு, பசை பட்டதும் சுருங்கும்.

எந்தக் கண்ணுக்கு எந்தப் பேப்பர் என்பதைக் கோலமே சொல்லிவிடுகிறது. 13 கண்களில் நடுவிலும் அதைத் தொட்டும் இருப்பவை 5. தோள்பட்டைபோல் மூலைகளில் இருப்பவை 4. சொட்டு வடிவத்தில் நுனியில் இருப்பவை 4. நடு ஐந்துக்கும் அரக்கு, தோள் நாலுக்கும் காவி, நுனி நாலுக்கும் மஞ்சளில் மெல்லிய கோடு போட்ட தாள் என்று வைத்தேன். கோடு போட்ட தாளை ஒட்டும்போது கோடுகள் நடுவிலிருந்து வெளியே ஓடுகிற மாதிரி திருப்பி ஒட்டுங்கள், கோலம் விரிகிற மாதிரி ஒரு தோற்றம் வரும். புள்ளியில்லாத இடைக்கண் நாலையும் வெறுமையாக விடுங்கள். அதன் வழியே கருநீலப் பின்னணி எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் கோலம் தரையை விட்டுப் போய் ஜமுக்காளமாகிவிடும்.

ஒட்டும் முறை: கோலத்தைக் குப்புறப் போடுங்கள். துண்டையும் குப்புறக் கண்ணின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணின் ஓரம் நிழலாகத் தெரியும். அதைப் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக் கத்தரியுங்கள். கோடு 5 மில்லிமீட்டர் என்பதால் இந்தப் பக்கத்துத் துண்டும் அந்தப் பக்கத்துத் துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் உட்கார்ந்துகொள்ளும். பசையைத் துண்டில் தடவாமல் கோலத்தின் பின்பக்கக் கோட்டில் நூல்போல் இழுங்கள். கண்ணுக்குள் பசை பிதுங்காது.

பசை என்றதும் ஒரு விஷயம். ஸ்கிராப்புக்காரர்களுக்குப் பசைத் தொல்லை புதிதல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் அந்தத் தொல்லை தாங்காமல், பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசிய ஸ்கிராப்புக்குக்கு 1873இல் காப்புரிமையே வாங்கினார். தண்ணீர் தொட்டு ஒட்டினால் போதும் என்பது அவர் ஏற்பாடு. நம் வீட்டில் மரவேலைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசையை அப்படியே பூசினால் அதிலுள்ள தண்ணீருக்குப் பேப்பர் நெளியும். ஊசிமுனை பாட்டிலில் ஊற்றி, மெல்லிய கோடாக மட்டும் விடுங்கள். போட்டோவுக்கு ஈரப் பசையே வேண்டாம், இருபக்க டேப்தான். அதிலும் அமிலமில்லாதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியை இந்த மேஜைக்கே கொண்டு வராதீர்கள்.

பக்கத்தில் வைப்பது

இப்போது 16 கடப்புகளுக்கு வேலை வருகிறது. ஒவ்வொரு கடப்பின் பின்னாலும் 4 மில்லிமீட்டர் சதுர ஃபோம் டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். கோலம் பின்னணியிலிருந்து சற்று எழும்பி நிற்கும், எங்கேயும் தொய்யாது, ஃபோமும் வெளியே தெரியாது. டேப்பின் மேல் காகிதத்தை உரிப்பதற்கு முன் பக்கத்தில் வைத்து நகர்த்திப் பாருங்கள். நான் கோலத்தை வலது கீழ்ப்பக்கம் தள்ளி, போட்டோவை இடது மேல்பக்கம் வைத்து, போட்டோவின் ஒரு மூலை கோலத்தின் இடது தோளின்மேல் ஏறுகிற மாதிரி வைத்தேன். அந்த மூலைக்கு அடியில் போகும் கண்களுக்குத் துண்டு ஒட்டவே வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள்? போட்டோவைச் சுற்றிக் கால் இஞ்ச் வெள்ளைக் கரை விட்டால் இருட்டுப் படம் பின்னணியோடு கலந்துவிடாது.

வெளிநாட்டுப் பக்கங்களில் பெரிய வடிவத்தை ஓரத்துக்கு வெளியே ஓடவிட்டு, மீதியை நறுக்கிவிடுவார்கள். பூவுக்கும் நட்சத்திரத்துக்கும் அது அழகுதான். கோலத்தை அப்படி நறுக்கினால் பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

அலங்காரம்

அழித்த 13 புள்ளிகள் இங்கே திரும்பி வருகின்றன. புள்ளிபோல் ஒட்டிக்கொள்ளும் இறக்குமதி எனாமல் டாட் வாங்கலாம். ஆனால் ஆரி வேலைக்கு விற்கும் தட்டையான வெள்ளைக் கல்லும் சமிக்கியும் சௌகார்பேட்டையில் கிராம் கணக்கில் கிடைக்கும்போது அதற்கு ஏன் போக வேண்டும்? 3 அல்லது 4 மில்லிமீட்டர் கல் போதும். துணிக்குப் போடும் 3டி அவுட்லைனர் டியூபால் ஒரு சொட்டு வைத்தாலும் சரி, முத்துப்போல் நிற்கும். ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும், அவ்வளவுதான்.

நடுக் கண்ணில் மட்டும் கல்லுக்குப் பதில் பூசணிப்பூ. மார்கழிக் கோலத்துக்கு அதைவிட வேறு எம்பலிஷ்மென்ட் எனக்குத் தோன்றவில்லை. மஞ்சள் தாளில் ஐந்து இதழ் வடிவம் இரண்டு வெட்டுங்கள், ஒன்று ஒன்றரை இஞ்ச், மற்றது சற்றுச் சிறியது. ஒவ்வொரு இதழையும் நடுவில் லேசாக மடித்து, பென்சிலில் சுருட்டி மேல்நோக்கி வளைத்து, இதழ் இடைவெளியில் இதழ் வருமாறு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். ஆரஞ்சுக் கலர் பென்சிலால் இதழின் அடியில் நாலு கோடு இழுத்தால் நிஜப் பூவின் நரம்பு வந்துவிடும். சாணி உருண்டைக்குக் கரும்பழுப்பு அட்டையில் ஒரு வட்டம் வெட்டி அடியில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

அதன்பிறகு கை நிற்க வேண்டும். போட்டோவின் கீழ் மூலையில் மூன்று மஞ்சள் சமிக்கி, தலைப்பின் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் பூ, நடுவில் பூசணிப்பூ. மஞ்சள் மூன்று இடத்தில் முக்கோணமாக விழுந்தால் கண் பக்கத்தைச் சுற்றி வரும். வாங்கி வைத்த ஸ்டிக்கர் தீர வேண்டுமே என்று ஒட்டிக்கொண்டே போனால் பக்கம் பொங்கல் சந்தைதான்.

தலைப்பும் எழுத்தும்

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் தேடி அலைவதைவிட வெட்டிக்கொள்வது மேல். கூகுள் எழுத்துருக்களில் பலூ தம்பி தடிமனானது, வெட்டினால் எங்கும் மெலிந்து பிய்யாது. கவிவனார் கையெழுத்துப்போல் அழகாக இருக்கும், ஆனால் சின்ன அளவில் வெட்ட மெல்லிசு. மெஷினின் மென்பொருளில் நேராகத் தமிழ் தட்டச்சு செய்யாமல் இங்க்ஸ்கேப்பில் எழுதி, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து வடிவமாக்கிக் கொண்டுபோங்கள். கொம்பும் காலும் இடம் மாறாது.

என் தலைப்பு ‘வாசல்’. அதில் ‘ல்’லின் புள்ளியை மெஷினில் வெட்டவில்லை. கோலத்துக்கு வைத்த அதே வெள்ளைக் கல்லை அங்கேயும் வைத்துவிட்டேன். பொடிப் புள்ளியை வெட்டி, தொலைத்து, மேஜைக்கடியில் தேடுகிற வேலை மிச்சம்.

விஷயம் எழுத வெள்ளை அட்டையில் அரை இஞ்ச் பட்டைகள் நாலைந்து வெட்டி, நிறமி மை (பிக்மென்ட் இங்க்) பேனாவால் எழுதி, தலைப்புக்குக் கீழே படிபோல் ஒட்டுங்கள். சாதாரண ஜெல் பேனா நாளாவட்டத்தில் வெளிறலாம். எந்த வீட்டு வாசல், எந்த வருஷம், விடிகாலை எத்தனை மணி, மாவு அரிசி மாவா கல் மாவா, இதையெல்லாம் எழுதுங்கள். ‘இனிய நினைவுகள்’ என்று எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். நான் பெரியம்மாவையே கேட்டேன். “புள்ளி சரியா விழுந்தா கோலம் தானா வரும், புள்ளிய கவனி” என்றார். அதை அப்படியே எழுதி ஒட்டிவிட்டேன்.

பத்திரப்படுத்த

பாலிப்ரொப்பிலீன் உறைதான் வேண்டும். பிவிசி உறை போட்டோவுக்கு ஆகாது. போட்டோவோடு வைக்கத் தகுந்த பொருளா என்று சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 18916 என்றொரு தரம் இருக்கிறது. நல்ல ஆல்பம் கம்பெனிகள் போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட் தேறியது என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். ஈரம் இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டை உள்ளே போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

வெட்டும்போது கண்களிலிருந்து விழுந்த 17 வெள்ளைத் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எதிர்ப் பக்கத்துக்கு அதே கருநீல அட்டையை எடுத்து, அந்தத் துண்டுகளை அதே வரிசையில் கோட்டின் அளவு இடைவெளி விட்டு ஒட்டினால், கோடு கருநீலமாகவும் கண்கள் வெள்ளையாகவும் கோலம் தலைகீழாக வரும். அந்த வெள்ளைக் கண்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுத இடம் இருக்கிறது. இந்த வாசலில் கோலம் போட்ட பெண்களின் பெயர்களைப் பெரியம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.